51 சதவீதம் யார் பெயரில்? எண்ணூர் இருளர்கள் முன் நிற்கும் கேள்வி!

தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட, பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். எண்ணூர் கழிமுகத்தில் இருளர் பெண்கள் காலங்காலமாகச் செய்துவரும் தொழில் இது. தலையை நிமிர்த்தினால் எதிரே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்.

சுற்றியுள்ள பொதுத்துறை நிறுவனங்களில் இவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்கிறது விதி. வேலையில் அல்ல, வியாபாரத்தில்! மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணைப்படி, மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் வாங்கும் பொருள், சேவைகளில் 4 சதவீதம் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குச் சொந்தமான குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும். மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கும் இது பொருந்தும்.

சிக்கல், 'சொந்தமான' என்ற சொல்லில் இருக்கிறது. தனிநபர் நிறுவனம் என்றால் உரிமையாளர் அந்தச் சமூகத்தவராக இருக்க வேண்டும். பார்ட்னர்ஷிப், பிரைவேட் லிமிடெட் என்றால் 51 சதவீதப் பங்கு அவர்களிடம் இருக்க வேண்டும். விளக்கம் இந்த மூன்றோடு நின்றுவிடுகிறது. பத்துக் குடும்பம் சேர்ந்து பிடித்து, பங்கிட்டுக்கொள்ளும் தொழிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஒருவர் பெயரில் பதியலாமே? பதியலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணம்கூட இல்லை. ஆனால், பழங்குடி என்று நிரூபிக்க சாதிச் சான்றிதழ் வேண்டும். மற்றவர்களுக்கு தாசில்தார் அலுவலகத்தோடு முடிகிற வேலை, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் வரை போகிறது. அன்றாடம் கழியில் இறங்கினால்தான் அடுப்பெரியும் என்பவர் எத்தனை நாள் அலைவார்?

சான்றிதழ் கிடைத்தாலும் இன்னோர் ஆபத்து உண்டு. பெயர் இருளருடையது, லாபம் வேறொருவருக்கு! இப்படி மறைந்திருப்பவர்களைப் பிடிக்கத்தான் கம்பெனிச் சட்டத்தின் 90-வது பிரிவும் 2018 விதிகளும் வந்தன. மறைமுகமாக 10 சதவீதப் பங்கு வைத்திருந்தாலே பெயரைச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் 50,000 ரூபாய் அபராதம். ஆனால், தனிநபர் நிறுவனத்துக்கு இந்தப் பிரிவு எட்டாது. பினாமி சுலபமாக நுழைவது அங்கேதான்.

அமெரிக்காவிலும் இதே குழப்பம் வந்தது. உண்மையான உரிமையாளரைச் சொல்லும்படி 2024-ல் கம்பெனிகளைக் கேட்டார்கள். பூர்வகுடிக்கே சொந்தமான கம்பெனி யாரைச் சொல்லும்? பூர்வகுடி என்பது தனிமனிதர் இல்லையே! கடைசியில், 'நிர்வாகத்தைக் கையில் வைத்திருப்பவர்களின் பெயரை எழுதுங்கள்' என்று விளக்கம் வந்தது. 2025 மார்ச்சில் உள்நாட்டுக் கம்பெனிகள் எல்லாவற்றுக்குமே விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

கூட்டாகத் தொழில் நடத்துவது இருளர்களுக்குப் புதிதல்ல. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் அவர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான், நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்கு நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் விஷமெல்லாம் எடுத்துத் தருகிறது. அங்கே உறுப்பினர்கள் எல்லோருமே முதலாளிகள். எண்ணூரிலும் அப்படி ஒரு சங்கம் வைத்து ஆலை கேன்டீனுக்கு இறால் கொண்டுபோனால், டெண்டர் படிவம் முதலில் கேட்கப்போவது அந்த 51 சதவீதத்தைத்தான்.