வியர்வை வழிந்தால் போதாது, காய வேண்டும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மூவாரிலிருந்து தெற்கு நோக்கிச் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பும். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத்தில் இஸ்கந்தர் புத்திரி. ஆசியாவின் முதல் லெகோலேண்ட் 2012 செப்டம்பரில் அங்கேதான் திறக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி திறந்தவெளி. காலை பத்து மணிக்கு உள்ளே போனால் மாலைவரை நடை, வரிசை, விளையாட்டு, மறுபடி வரிசை. கைப்பேசியைப் பார்த்தால் 33 பாகை செல்சியஸ் என்று காட்டும். நமக்குப் பழகிய வெயில்தானே என்று தோன்றும்.

அந்த 33 என்ற எண் நம்மிடம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது? இந்தக் கேள்வி உயிர் தொடர்பானது. 2024 அக்டோபர் 6ஆம் தேதி, சென்னை மெரினா கடற்கரையில் இந்திய விமானப்படையின் சாகசக் காட்சி நடந்தது. லட்சக்கணக்கான மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். நண்பகலை ஒட்டிய வேளை, நிழலில்லாத மணல், நகர முடியாத கூட்டம். ஐந்து பேர் இறந்துபோனார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மயக்கமும் சோர்வுமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அன்று சென்னையின் வெப்பநிலை 35 பாகையை ஒட்டித்தான் இருந்தது. மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டுகிற ஊர் அது. ஆகவே, அதை ‘அனல் அலை’ நாள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் நடந்தது இது. நம் நாட்டிலும் 2023 ஏப்ரலில் கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத் தாக்குதலுக்கும் நீரிழப்புக்கும் பலியானான்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவரின் உடலை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 175 கிலோஜூல் வெப்பம் போதும். அவர் சாதாரணமாக நடக்கும்போது அவருடைய தசைகளும் உறுப்புகளும் சுமார் 200 வாட் வெப்பத்தை உண்டாக்குகின்றன. ஒரு மணி நேரத்துக்கு அது 720 கிலோஜூல். இந்த வெப்பம் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் உடல் வெப்பநிலை ஒரே மணி நேரத்தில் நான்கு பாகைக்கு மேல் ஏறிவிடும். 37 பாகை 41 ஆகும். வெயில் ஒரு துளிகூட மேலே படாமலேயே இந்த நிலை! நாம் அன்றாடம் பிழைத்திருப்பதற்குக் காரணம், இந்த வெப்பத்தை இடைவிடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதுதான்.

குளிர்ந்த நாட்டில் இந்த வேலையைக் காற்றே செய்துவிடும். தோலின் வெப்பநிலை சுமார் 35 பாகை. சுற்றியுள்ள காற்று 15 பாகையாக இருந்தால் வெப்பம் தானாகவே வெளியேறும். காற்று 33 பாகையாக இருக்கும்போது இரண்டு பாகை வேறுபாடுதான். அதில் பெரிதாக ஒன்றும் போகாது. மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை.

ஒரு கிராம் நீர் தோலிலிருந்து ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அறிவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் உள்ளுறை வெப்பம் இதுதான். மேலே சொன்ன 720 கிலோஜூலை வெளியேற்ற 300 கிராம் வியர்வை ஆவியானால் போதும். ஆவியாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். முகவாயிலிருந்து சொட்டும் வியர்வையும் முதுகில் வழிந்து காலுறையை நனைக்கும் வியர்வையும் உடலைக் குளிர்விப்பதில்லை. அவை வீணாகப் போன தண்ணீர். பாதி வழிந்து பாதிதான் காய்கிறது என்றால், அதே குளிர்ச்சிக்கு உடல் 600 கிராம் வியர்வையைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

மலாக்கா நீரிணையை ஒட்டிய மூவாரிலும் தெற்கே ஜொகூர் பாருவிலும் காற்றில் ஈரம் அதிகம். ஏற்கெனவே ஈரம் சுமக்கும் காற்று மேலும் நீராவியை ஏற்கத் தயங்கும். எவ்வளவு தயங்கும் என்று அளக்க எளிய வழி உண்டு. வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்று வீசும்படி வைத்தால், நீர் ஆவியாக ஆவியாக அதன் அளவீடு இறங்கும். இனி இறங்காது என்று நிற்கும் அளவே ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்வையால் அடையக்கூடிய குளிர்ச்சியின் அடிமட்டம் என்று அதை வைத்துக்கொள்ளலாம். 40 பாகை வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பாலைவன நகரத்தில் அது சுமார் 23 பாகைதான் இருக்கும். 33 பாகை வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நம் பகுதியில் அது 27 பாகையைத் தாண்டிவிடும். செய்தியில் கேட்டால் 40 பாகைதான் பயமுறுத்துகிறது. வியர்வையைக் கேட்டால் அது நம்மூரைத்தான் கடினம் என்று சொல்லும்.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையை எட்டினால் மனித உடலால் தாங்க முடியாது என்பது கோட்பாட்டு எல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நலமான இளைஞர்களை வெப்ப அறையில் வைத்துச் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. ஈரம் மிகுந்த சூழலில் ஏறத்தாழ 31 பாகையிலேயே அவர்களுடைய உடல் வெப்பநிலை கட்டுப்பாட்டை மீறி ஏறத் தொடங்கியது. அவர்கள் ஓடவும் இல்லை. அன்றாட வீட்டு வேலை அளவுக்கு இலேசான உழைப்புதான்.

ஈரப்பதத்தோடு கதை முடியவில்லை. வானிலை நிலையத்தில் வெப்பமானி வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள், நிழலில் இருக்கிறது. நீங்களோ வெயிலில் நிற்கிறீர்கள். நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறத்தாழ 1000 வாட் வரை சூரிய ஆற்றல் விழுகிறது. சிமெண்டுத் தரை அதில் ஒரு பகுதியை உங்கள்மீதே திருப்பி அனுப்புகிறது. 1950களில் அமெரிக்கக் கடற்படைப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் அடுத்தடுத்து மயங்கி விழுந்தபோது, இதையும் சேர்த்து அளக்கும் முறை ஒன்று உருவானது. கருப்பு வண்ணம் பூசிய உலோகக் கோளத்துக்குள் ஒரு வெப்பமானியை வைத்து வெயிலில் நிறுத்துவார்கள். பிறகு ஈரக்குமிழ் அளவில் 70 விழுக்காடு, கருங்கோள அளவில் 20 விழுக்காடு, காற்றின் வெப்பநிலையில் 10 விழுக்காடு எடுத்துக் கூட்டுவார்கள். டபிள்யூ.பி.ஜி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குறியீடு இதுவே.

நம் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஈரக்குமிழ் 27.5, காற்று 33 என்று கொள்வோம். வெயிலில் கருங்கோளம் 48 காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் விடை சுமார் 32. அதே இடத்தில் நல்ல நிழலில் நின்றால் கருங்கோளமும் 33தான்; விடை சுமார் 29. சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2023 முதல் இந்தக் குறியீட்டை வைத்தே எச்சரிக்கை தருகிறது. 31க்குக் கீழே குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33க்கு மேல் கடுமை. ஒரு மரத்தடி உங்களை ஒரு படி கீழே இறக்கிவிடுகிறது என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை, நாளின் உச்ச வெப்பநிலை மூன்று நாள் தொடர்ந்து 35 பாகையைத் தொட்டால்தான் முதல் நிலைக்கு வரும். அது மழையில்லாத காலத்தைக் கண்காணிக்கப் பயனுள்ள அளவுகோல். ஆனால், ‘எச்சரிக்கை இல்லை’ என்பதை ‘ஆபத்து இல்லை’ என்று படித்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

சரி, வரிசைக்கு வருவோம். ஓடுகிறவரைவிட வரிசையில் அசையாமல் நிற்கிறவர் மயங்கி விழுவதை நீங்கள் பள்ளிச் சபைகூடலிலேயே பார்த்திருப்பீர்கள். வெப்பத்தை வெளியேற்ற, தோலுக்கு அடியில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அசையாமல் நிற்கும்போது புவியீர்ப்பால் இரத்தம் கால்களில் தேங்குகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி அதை மேலே தள்ளும். நிற்கும்போது அந்தத் தள்ளல் இல்லை. மூளைக்குப் போகும் இரத்தம் சற்றே குறைந்ததும் கண் இருட்டுகிறது. வரிசையில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது விளையாட்டாகத் தெரியலாம்; அது இரத்தத்தை மேலே ஏற்றும் வேலை. கண் இருட்டினால் இடம் போய்விடுமே என்று நிற்காமல் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள்.

இப்போது தண்ணீர். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் உடல் குளிரும் என்று நினைக்கிறோம். 5 பாகையிலுள்ள அரை லிட்டர் தண்ணீர் உடலுக்குள் 37 பாகைக்கு வர எடுத்துக்கொள்ளும் வெப்பம் 67 கிலோஜூல். அதே அரை லிட்டர் பின்னர் வியர்வையாகி முழுவதும் ஆவியானால் எடுத்துச் செல்வது 1200 கிலோஜூல். பதினெட்டு மடங்கு! ஆகவே, தண்ணீர் ஐஸாக இல்லையே என்று குடிக்காமல் விடுவதில் பொருளில்லை. ஆனால், குளிர்ந்த தண்ணீரைப் பலரும் விரும்பி அதிகம் குடிப்பார்கள் என்பதால் அதிலும் ஒரு நன்மை உண்டு.

தண்ணீர் குறைந்தால் இரத்தத்தின் அளவு குறைகிறது. தோலுக்கு அனுப்ப இரத்தம் போதாது, வியர்வையும் குறையும். உடல் எடையில் 2 விழுக்காடு, அதாவது 50 கிலோ மாணவருக்கு ஒரு லிட்டர், குறைந்தாலே உடலுழைப்பு கடினமாகத் தோன்றத் தொடங்கும். தாகம் சற்றுத் தாமதமாக வரும் தூதுவன்; விளையாட்டு மும்முரத்தில் அவனையும் நாம் கவனிப்பதில்லை. நீர்ப்பூங்காவில் இது இன்னும் மோசம். தண்ணீரிலேயே இருப்பதால் தாகம் மறந்துபோகும், வியர்ப்பதும் தெரியாது. வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்கு 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு குவளை என்று பரிந்துரைக்கிறார்கள். மெதுவாக நடந்து நிழலில் ஓய்வெடுக்கும் உங்களுக்கு மணிக்கு அரை லிட்டர் அளவு பொதுவாகப் போதும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. கரும் மஞ்சளானால் கடன் ஏறியிருக்கிறது.

அதற்காக லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. 2002 பாஸ்டன் மாரத்தான் முடிவில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள், அதாவது இழந்ததைவிட அதிகம் குடித்தவர்கள், இதில் அதிகம் சிக்கினார்கள். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தம் நீர்த்துப் போகும். வழக்கமான சாப்பாடு இருந்தால் உப்பு தானாக ஈடாகிவிடும். நம்மூர் மீ பண்டோங் ஒரு கிண்ணம் சாப்பிட்டவர் உப்புக்குக் கவலைப்பட வேண்டாம்! இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, சுவைக்காகக் குடிக்கலாம். சிராப், தே ஆயிஸ் போன்றவற்றில் தண்ணீர் இருக்கிறது, கூடவே சர்க்கரை நிறைய. காஃபின் கலந்த ஊக்கப் பானங்கள் மாணவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

ஈரம் மிகுந்த ஊரில் வியர்வைக்கு உதவ இரண்டு வழிகள். ஒன்று காற்று. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விசிறி அகற்றினால் வேறு காற்று வந்து நீராவியை ஏற்கும். காற்று 35 பாகைக்குக் கீழே இருக்கும்வரை விசிறி எப்போதும் உதவும். நம் நாட்டில் பெரும்பாலும் அப்படித்தான். மற்றொன்று, உடல் நீரைச் செலவழிக்காமல் குழாய்த் தண்ணீரைச் செலவழிப்பது. கைகளையும் கழுத்தையும் சட்டையையும் நனைத்துக்கொண்டு விசிறியின் முன் நின்றால், ஆவியாகும் நீர் உங்களுடையது அல்ல, ஆனால் குளிர்ச்சி உங்களுடையது.

வெப்பம் எல்லை மீறியதை உடலின் சூட்டைவிட மனம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். தலைவலி, குமட்டல், சோர்வு இருந்தும் தெளிவாகப் பேசுகிறார் என்றால் நிழலுக்குக் கொண்டுபோய் நனைத்து விசிறி, தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார். உளறினால், நண்பரின் பெயர் தெரியாமல் விழித்தால், தள்ளாடினால், மயங்கினால், அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடலின் உள் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியிருக்கும். உடனே 999க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமர்த்தி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வது சிறந்தது. முடியாவிட்டால் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பாராசிட்டமால் கொடுப்பதிலும் பயனில்லை. காய்ச்சலில் மூளை தானே வெப்ப இலக்கை உயர்த்துகிறது. மருந்து அந்த இலக்கை இறக்குகிறது. இங்கே இலக்கு 37இலேயே இருக்கிறது, உடலால்தான் அதை எட்ட முடியவில்லை.

சுற்றுலாவுக்கு முன் வீட்டில் செய்து பார்க்க ஒன்று. ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழை ஈரப் பஞ்சால் சுற்றுங்கள். தஞ்சோங் எமாஸ் பூங்காவின் மர நிழலில் காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இரண்டையும் விசிறியபடி படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசி காட்டும் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஒருமுறை அளந்து பாருங்கள். உலர்ந்த குமிழ் நன்றாக இறங்கியிருக்கும், ஈரக்குமிழ் அவ்வளவாக இறங்கியிருக்காது.