பத்துப் பலகை... ஆயிரத்தொரு ருசி!

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லொரேட்டோ என்றொரு சிற்றூர். அங்குள்ள ‘மேக்கர்ஸ் மார்க்’ போர்பன் விஸ்கி ஆலையில், ஒரு மேஜையைச் சுற்றி மதுக்கடைக்காரர்களும் பார் முதலாளிகளும் உட்கார்கிறார்கள். எதிரே கண்ணாடிக் கோப்பைகள். ஜாலியாகக் குடிக்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். முழுசாக ஒரு பீப்பாயை வாங்க வந்திருக்கிறார்கள். இன்று நாக்கு ஏமாற்றினால், 200 பாட்டிலுக்கு மேல் அவர்கள் தலையில்தான்!

(மது உடல்நலத்துக்குக் கேடு. இங்கே நாம் பார்க்கப்போவது மரத்தின் வேலையை மட்டும்.)

போர்பனுக்குச் சட்டம் ரொம்பவே கறார். தானியத்தில் குறைந்தது 51 சதவிகிதம் மக்காச்சோளம். ஊறவைப்பது, உட்புறம் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில். செயற்கை நிறம், எசென்ஸ் எதுவும் கூடாது. அந்தப் பொன்னிறம் மரம் கொடுத்த சீதனம். ஓக் மரத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள லிக்னின் உடைந்து வெனிலின் பிறக்கிறது. ஆம், நம் ஐஸ்க்ரீம் வாசனையேதான். மரத்துக்குள் இருக்கும் சர்க்கரைப் பொருள்கள் தீய்ந்து, முற்றிய பாகு மணத்தைத் தரும். ஓக்கில் தேங்காய் வாசனைகூட உண்டு.

இங்கேதான் விளையாட்டு. ஏற்கெனவே முதிர்ந்த போர்பனுக்குள் மேலும் பத்து ஓக் பலகைகளை இறக்குகிறார்கள். 2010-ல் வந்த ‘மேக்கர்ஸ் 46’தான் முன்னோடி; அதில் பத்தும் ஒரே ரகம். இப்போது அமெரிக்க, பிரெஞ்சு ஓக் என ஐந்து ரகம். ஒன்று கேரமல் இனிப்பு, ஒன்று கறுப்பு சாக்லேட், இன்னொன்று புகையும் மசாலாவும். எதில் எத்தனை என்பது வாங்குபவர் இஷ்டம். கணக்குப் போட்டால் சரியாக 1,001 சேர்க்கைகள். அரபுக் கதை ஞாபகம் வருகிறதா?

ஒவ்வொரு ரகப் பலகையிலும் தனித்தனியாக ஊறிய ஐந்து மாதிரிகளை அளந்து கலந்து ருசிக்கிறார்கள். முதலில் வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆல்கஹால் நெடி மூக்கை அடைத்துவிடும். தண்ணீர் கலக்காத சரக்கு, 55 சதவிகிதத்தை ஒட்டிய காட்டம். முதல் சிறு வாய் நாக்கைப் பழக்க மட்டும். இரண்டாவதை மெல்லுவதுபோல வாய் முழுக்கப் பரப்ப வேண்டும். பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர். அடங்கியிருந்த வாசனைகள் மேலெழும்.

முதல் வாயில் இனிப்புதான் ஜெயிக்கும். அதை நம்பிப் பத்துப் பலகையையும் இனிப்புக்கே கொடுப்பது ஆபத்து என்பேன். அரைக் கோப்பையில் திகட்டிவிடும். விழுங்கியபின் தொண்டையில் நிற்கும் லேசான துவர்ப்பையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முடிவெடுத்த பிறகு, சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து கட்டிய குளிர்ந்த நிலவறையில் சுமார் ஒன்பது வாரம். மேஜையில் கலந்தது வெறும் முன்னோட்டம். பீப்பாய்க்குள் பலகைகள் ஒன்றாக ஊறும்போது என்ன ஆகும் என்பது திறக்கும்போதுதான் தெரியும்.

பாட்டில் லேபிளில் பலகைக் கணக்கை அச்சிட்டுவிடுகிறார்கள். அனுபவசாலிகள் பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டு, ருசித்த பிறகுதான் அதைப் படிக்கிறார்கள். சாக்லேட் என்று படித்துவிட்டால், நாக்கும் சாக்லேட் என்றே சொல்லுமாம்!