மடக்கு கத்தி 'லாக்' திடீரென நழுவுவது ஏன்? விரலை காப்பாற்ற நீங்களே செய்து பார்க்கலாம் சோதனை

எலக்ட்ரீசியன், லோடுமேன், பந்தல் தொழிலாளி, பூக்கடைக்காரர் என்று பலருடைய சட்டைப்பையிலும் ஒரு மடக்கு கத்தி இருக்கும். வயர் தோலை சீவுவது முதல் பார்சல் கயிறு அறுப்பது, மாங்காய் நறுக்குவது வரை எல்லாவற்றுக்கும் அதுதான் கைகொடுக்கும்.

இதில் மெல்லிய, கனமில்லாத கத்திகளுக்கு தனி மவுசு உண்டு. 2 தகடு, ஒரு பிளேடு, ஒரு திருகாணி. அவ்வளவுதான். பையில் இருப்பதே தெரியாது.

ஆனால் பாகங்கள் குறைந்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் வேலை அதிகம். விரித்த பிளேடு விரல் மேல் மடங்காமல் தடுப்பது உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்தான். அது கைவிட்டால் பிளேடு நேராக விரலில் இறங்கும். விரல் நரம்பு அறுந்தால் வாரக்கணக்கில் வேலைக்கு போக முடியாது. தினக்கூலிக்கு போகிறவர் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்த ஸ்பிரிங் எத்தனை காலம் தாங்கும்? எதனால் கெடுகிறது? விவரம் வருமாறு:-

வயசு காரணம் அல்ல

"பழைய கத்தி, ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு" என்று சொல்வார்கள். உண்மையில் ஸ்பிரிங்கை கெடுப்பது வயசு அல்ல. எவ்வளவு தூரம் வளைகிறது, எத்தனை முறை வளைகிறது, துரு பிடித்ததா என்ற 3 விஷயங்கள்தான்.

கட்டிட வேலையில் கட்டுக்கம்பியை எப்படி முறிக்கிறோம்? இப்படியும் அப்படியுமாக சில தடவை நன்றாக மடக்கினால் படக்கென்று முறிந்துவிடும். ஆனால் சேலைக்கு குத்தும் ஊக்கை வருடக்கணக்கில் மாட்டி கழற்றினாலும் அது அப்படியே நிற்கிறது. காரணம், ஊக்கு கொஞ்ச தூரம்தான் வளைகிறது.

ரெயில் சக்கர அச்சுகள் ஏன் திடீரென முறிகின்றன என்று 1850, 1860-களில் ஆராய்ந்த ஜெர்மனி என்ஜினீயர் ஆகஸ்ட் வோலர் நிரூபித்ததும் இதைத்தான். தாங்கும் அளவுக்கு கீழேயே பாரம் இருந்தால் எஃகு லட்சக்கணக்கான முறை தாங்கும். அளவை தாண்டினால் கொஞ்ச காலத்திலேயே விரிசல் விட்டு முறியும்.

விளையாட்டு வேண்டாம்

வேலைக்காக ஒரு நாளைக்கு 20 முறை கத்தியை திறந்தால் வருடத்துக்கு 7 ஆயிரத்து 300 முறை. சிலர் டீக்கடையில் உட்கார்ந்து சும்மா 'டிக், டிக்' என்று திறந்து மூடிக்கொண்டே இருப்பார்கள். அது ஒரு நாளைக்கு 200 முறை என்றால் வருடத்துக்கு 73 ஆயிரம். அதாவது 10 வருட தேய்மானம் ஒரே வருடத்தில் வந்துவிடும்.

உங்கள் கத்தி எந்த வகை?

முதுகு ஸ்பிரிங்: 1897-ல் சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் பதிவு செய்த ராணுவ அதிகாரி கத்தி இந்த வகை. பிடியின் முதுகில் தடித்த எஃகு பட்டை இருக்கும். நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இதில் லாக்கே கிடையாது. ஸ்பிரிங் அழுத்தம் மட்டும்தான். பிளேடின் முதுகுப்பக்கம் அமுக்கினால் மடங்கிவிடும்.

முதுகு லாக்: 1964-ல் அமெரிக்காவில் வந்த 'பக் 110' இதில் பிரபலம். ஒரு கொக்கி பிளேடை கவ்வி பிடிக்கும். கொக்கியை அமுக்கி வைப்பது பின்னால் உள்ள ஸ்பிரிங். கொக்கி விழும் பள்ளத்தில் மண், பஞ்சு அடைத்துக்கொண்டால் ஸ்பிரிங் நன்றாக இருந்தாலும் முழுசாக கவ்வாது.

உள்தகடு லாக்: மெல்லிய கத்திகளில் அதிகம் பார்ப்பது இதுதான். 1980-களில் அமெரிக்காவின் மைக்கேல் வாக்கர் இன்றைய வடிவுக்கு கொண்டு வந்தார். தனி ஸ்பிரிங் இல்லை. பிடிக்குள் இருக்கும் தகட்டின் ஒரு பகுதியே வளைந்து வந்து பிளேடுக்கு முட்டு கொடுக்கும். பிடியின் ஒரு பக்கமே முட்டு கொடுக்கும் வகையும் உண்டு. அதை கொண்டு வந்தவர் கிறிஸ் ரீவ். அவரது கத்தியின் பெயர் 'செபென்சா'. ஜூலு மொழியில் 'வேலை' என்று அர்த்தம்.

குறுக்கு கம்பி லாக்: 1998-ல் அமெரிக்காவின் பெஞ்ச்மேட் கம்பெனி இறக்கியது. 2 பக்கமும் லாடம் போல வளைந்த மெல்லிய கம்பி ஸ்பிரிங் இருக்கும். ஒன்று முறிந்தாலும் மற்றொன்று வேலை செய்யும். அதனால் முறிந்ததே பலருக்கு தெரியாது. மிச்சம் இருப்பதும் முறிந்தால்தான் ஆபத்து.

எங்கே தப்பு நடக்கிறது?

உள்தகடு லாக்கில் மூடும்போதுதான் தப்பு நடக்கிறது. தகட்டை பிளேடு விடுபடும் அளவுக்கு மட்டும் தள்ளினால் போதும். அவசரத்தில் கட்டை விரலால் ஒரேயடியாக வெளிப்பக்கம் தள்ளினால் தகடு திரும்பி வராது. அளவை தாண்டி வளைந்துவிட்டது என்று அர்த்தம்.

பெயிண்ட் டப்பா மூடியை கத்தியால் நெம்புவதும் இப்படித்தான். திருகாணி ஆட்டம் கண்டு லாக் சரியாக உட்காராது.

சாணை பிடிக்கும்போதும் கவனம் தேவை. மிஷினில் வைத்து நிறம் மாறும் அளவுக்கு சூடாக்கினால் 'டெம்பர் போச்சு' என்பார்கள். துருவை எடுக்கிறேன் என்று ஸ்பிரிங்கை அடுப்பில் காட்டினாலும் அதே கதிதான்.

சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வேறு. அதோடு வியர்வையும் சேர்ந்தால் துரு சின்ன குழி போடும். அந்த குழியில் இருந்துதான் விரிசல் தொடங்கும்.

5 நிமிட சோதனை

* கத்தியை விரித்து பிளேடை பக்கவாட்டில் ஆட்டிப்பாருங்கள். ஆடினால் திருகாணியை முடுக்குங்கள்.

* உள்தகடு பிளேடில் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். பிளேடின் அடிப்பகுதியை முழுசாக கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஓரத்தில் பட்டும் படாமலும் நின்றால் அதுவும் ஆபத்து.

* பிளேடு மடங்கும் வழியில் விரல் இல்லாமல் பிடியை 2 பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள். பிளேடின் முதுகை மரப்பலகை மேல் வைத்து மெதுவாக அமுக்குங்கள். லாக் உள்ள கத்தி மடங்கவே கூடாது. ஓங்கி தட்டாதீர்கள். நல்ல லாக்கும் கெட்டுவிடும்.

* 'டிக்' சத்தம் மந்தமாகிவிட்டதா, ஸ்பிரிங் வளையும் இடத்தில் முடி போல கோடு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

ஒன்றில் பெயில் என்றாலும் சரி செய்யும் வரை அந்த கத்தியால் அழுத்தமான வேலை வேண்டாம். கம்பி ஸ்பிரிங் என்றால் மாற்றிக்கொள்ளலாம். தகடே ஸ்பிரிங் என்றால், விரிசல் விட்ட பிறகு கத்தியையே மாற்றுவதுதான் நல்லது.

ஒரு சொட்டு எண்ணெய்

வாரம் ஒருமுறை துடைத்து, காய வைத்து, திருகாணி பக்கம் ஒரு சொட்டு தையல் மிஷின் ஆயில் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்து தூசியை இழுக்கும்.

ஸ்பிரிங்கே இல்லாத கத்தி

பிரான்சில் 1890-ல் ஜோசப் ஒபினெல் செய்த கத்தியில் முதுகு ஸ்பிரிங் கிடையாது. 1955-ல் அதற்கு ஒரு இரும்பு வளையம் சேர்த்தார்கள். வளையத்தை திருப்பினால் லாக். திருப்ப மறந்தால் லாக் இல்லை.

ஜப்பானின் 'ஹிகோ நோ காமி' கத்தியில் ஸ்பிரிங்கும் இல்லை, லாக்கும் இல்லை. பிளேடின் வாலை கட்டை விரலால் அமுக்கி பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பிடிக்கிறவர் கைதான் லாக்.

எந்த கத்தியாக இருந்தாலும் லாக்கை நம்பி விரலை பிளேடு மடங்கும் வழியில் வைக்கக்கூடாது என்பது குறிப்பிடத்தக்கது.