இடிப்பதா, பிரிப்பதா?

கேரள மாநிலம் கொச்சியை அடுத்த மரடு என்னும் ஊரில், காயற்கரையை ஒட்டி நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் நின்றன. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டப்பட்டவை என்பதால் அவற்றை அகற்றுமாறு 2019ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2020 சனவரி 11, 12 ஆகிய நாள்களில் வெடிமருந்து வைத்து அவை தகர்க்கப்பட்டன. ஒவ்வொரு கட்டடமும் தரைமட்டமாகச் சில நொடிகளே ஆயின. எஞ்சிய இடிபாடுகளின் எடை ஏறத்தாழ 76,000 டன் என மதிப்பிடப்பட்டது. அவற்றை அள்ளி அகற்றுவதற்கோ பல வாரங்கள் தேவைப்பட்டன.

கதவும் சன்னலும் முன்பே கழற்றி எடுக்கப்பட்டிருந்தன. தூணும் உத்திரமும் தளமும் அவ்வாறு கழற்ற இயலாதவை. அவை ஒரே கான்கிரீட் உடலாக இறுகியிருந்தன. ஒரு கட்டடத்தின் பொருள்கள் மறுபடியும் பயன்படுமா, குப்பையாகுமா என்பது இடிக்கும் நாளில் முடிவாவதன்று. கட்டும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

செங்கல்லும் சாந்தும்

இதற்கு எளிய சான்று செங்கற்சுவர். முற்காலத்தில் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்துச் சுவர் எழுப்பினர். நன்கு வெந்த செங்கல்லைவிடக் காரை மென்மையானது. ஆகவே சுவரைப் பிரிக்கும்போது காரையே உடையும்; செங்கல் முழுமையாகக் கைக்கு வரும். ஒட்டியிருக்கும் காரையைக் கொத்திச் சுரண்டிவிட்டால் அதே கல் அடுத்த சுவருக்கு ஆயத்தமாகிவிடும். சிமெண்ட் சாந்தின் இயல்பு வேறு. அது விரைவில் இறுகும். மிகுந்த வலிமை தரும். ஆனால், பல நேரங்களில் செங்கல்லைவிடச் சாந்தே உறுதியாக இருப்பதால், சுவரை உடைக்கும்போது கல்தான் நொறுங்குகிறது. கட்டும்போது நன்மையாக இருந்த வலிமையே பிரிக்கும்போது தடையாகிறது.

நொறுங்கிய கூளம் எங்கே செல்கிறது? நகர விளிம்புகளில் உள்ள ஏரிக்கரைகளும் ஓடைகளும் சதுப்பு நிலங்களுமே பெரும்பாலும் அதற்கு இலக்காகின்றன. மழைநீர் தேங்கி நிலத்துள் இறங்க வேண்டிய இடம் கல்லாலும் மண்ணாலும் மேடாகிறது. மறுபுறம், புதிய கட்டடத்திற்காக ஆற்றுப் படுகையில் மணல் அள்ளப்படுகிறது. குன்றுகள் உடைக்கப்பட்டுச் சல்லியாகின்றன. ஓரிடத்தில் பள்ளம், மற்றோரிடத்தில் மேடு. இரண்டாலும் இழப்பு நீருக்கே.

அரைத்துப் பெறும் சல்லி

இக்கழிவை முறைப்படுத்த இந்திய அரசு 2016ஆம் ஆண்டு தனி விதிகளை வெளியிட்டது. மிகுதியாகக் கழிவை உண்டாக்குவோர் கான்கிரீட், மண், இரும்பு, மரமும் நெகிழியும், செங்கல்லும் சாந்தும் எனப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்றாக இருந்தது. அதற்கு முன்பே, 2009இல், தில்லியின் புராரியில் இடிபாடுகளைப் பதப்படுத்தும் ஆலை தொடங்கப்பட்டது. இத்தகைய ஆலைகளில் கட்டிகள் பொறிகளால் உடைக்கப்படுகின்றன. காந்தம் இரும்புத் துண்டுகளை ஈர்த்தெடுக்கிறது. பின்னர்ச் சலித்தும் கழுவியும் சல்லியும் மணலும் பிரிக்கப்படுகின்றன. நடைபாதைக் கற்களும் சாலையோரக் கற்களும் இவற்றிலிருந்து செய்யப்படுகின்றன.

எனினும் இச்சல்லிக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு துண்டின் மேலும் பழைய சாந்து ஒட்டியிருப்பதால் அது புதுச் சல்லியைவிட மிகுதியாக நீரை உறிஞ்சும். வலிமையும் சற்றுக் குறையும். எனவே கான்கிரீட்டை உடைத்துப் பெற்ற சல்லியைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையிலும், கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையிலும் சேர்க்கலாம் என்று இந்தியத் தர அமைவனம் வரையறுத்துள்ளது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு வலிமைத் தரத்திலும் வரம்பு உண்டு. செங்கல் செங்கல்லாகவே மீள்வது மறுபயன்பாடு. அதைப் பொடியாக்கி வேறொன்றாக்குவது மறுசுழற்சி. பின்னதற்கு மின்னாற்றலும் நீரும் தேவை. இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் பிழை.

சிக்கனத்தின் சிற்பி

வீணாவதை வரைபடத்திலேயே தடுக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவைத் தாயகமாக ஏற்றவர். திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் பணியாற்றி 2007இல் மறைந்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்னும் கருத்தைக் காந்தியடிகளிடமிருந்து பெற்றதாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டில் செங்கற்கள் படுக்கையாக அன்றிப் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கப்படுகின்றன. சுவரின் நடுவே வெற்றிடம் அமைகிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. வெற்றிடத்துக் காற்று வெயிலின் வெப்பத்தையும் தடுக்கிறது. கூரைத் தளத்தில் அவர் கையாண்ட முறை இன்னும் நுட்பமானது. தளத்தின் மேல்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியின் இழுவிசையைக் கம்பிகள் தாங்குகின்றன. கம்பிகளுக்கு இடையே கீழே உள்ள கான்கிரீட் பெரிதாக எதையும் சுமப்பதில்லை. அவ்விடத்தில் கழித்துப் போட்ட மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்பினார் பேக்கர். சிமெண்டும் எடையும் குறைந்தன. பழைய ஓடுகளுக்கும் வேலை கிடைத்தது.

சாதாரண வீட்டிலும் இத்தகைய கணக்குக்கு இடமுண்டு. பதினொன்றரை அடி அகல அறையில் இரண்டடித் தளக்கற்களைப் பதித்தால், ஒவ்வொரு வரிசையிலும் ஆறாவது கல்லிலிருந்து அரையடித் துண்டு வெட்டி எறியப்படும். அறையைப் பன்னிரண்டு அடியாக வரைந்திருந்தால் ஒரு துண்டும் வீணாகாது. 12 மீட்டர் நீளக் கம்பியில் 7 மீட்டரை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் 5 மீட்டருக்கு உரிய இடத்தை முன்பே குறித்து வைக்கும் கொத்தனாரும் பொறியாளரும் செய்வது இதே கணக்குத்தான்.

பிரித்துக் கோத்த வீடுகள்

செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் உத்திரங்களும் பெரும்பாலும் பர்மாத் தேக்கால் ஆனவை. தச்சர்கள் கழுந்தையும் துளையையும் பொருத்தி இணைத்த மரவேலையைச் சேதமின்றிக் கழற்ற முடியும். பராமரிக்க இயலாமல் வீடுகள் பிரிக்கப்படும்போது அத்தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளை அடைகின்றன. பழைய நிலையைப் புதுவீட்டில் வைக்கலாகாது எனத் தயங்குவோர் இன்றும் உள்ளனர். பல்லாண்டு உலர்ந்த தேக்கு எளிதில் வளையாது என்பதை அறிந்த தச்சர் அதனையே தேடி வாங்குகிறார்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இதற்குக் கண்கூடான சான்று. அவ்வளாகத்தின் அமைப்பை வகுத்தவரும் லாரி பேக்கரே. தென்மாநிலங்கள் பலவற்றிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட பழைய வீடுகள் அங்கு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. செட்டிநாட்டு வீடும் அவற்றுள் ஒன்று. இத்தகைய பணியில், கழற்றும்போதே ஒவ்வொரு தூணுக்கும் கைமரத்துக்கும் எண்ணிட்டுக் குறித்துக்கொள்வது வழக்கம். அதற்கு நாள்கள் பல பிடிக்கும், கூலியும் மிகும். ஆனால், பணி முடிந்த இடத்தில் அள்ளிக் கொட்டுவதற்குச் சிறிதளவு மண்ணும் காரையுமே எஞ்சும்.