எல்லையோரத்தில் வாடகை வீடு

படிக்க வந்த மாணவனுக்குப் புத்தகம் வேண்டும், உணவு வேண்டும், அவற்றுக்கு முன்னே தலைசாய்க்க ஓரிடம் வேண்டும். விடுதியில் இடம் கிட்டாத தோழர்கள் வாடகை வீடு தேடி அலைவதை ஆண்டுதோறும் காண்கிறோம். வாடகை என்ன, முன்பணம் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் ஊராகிய பனச்சமூட்டில் அவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வீடு எந்த மாநிலத்தில் நிற்கிறது?

இது வேடிக்கைக் கேள்வியன்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அந்த எல்லையில் அமைந்ததே பனச்சமூடு. இங்கே சிறிது தூரம் நடந்தால் மாநிலம் மாறிவிடும்; பேச்சு மாறாது. ஆதலின் வீட்டுக்காரர் பேசும் மொழியையோ, அவர் குடியிருக்கும் முகவரியையோ கொண்டு முடிவு செய்ய இயலாது. வீட்டு வரி ரசீதையும் மின்கட்டண ரசீதையும் காட்டச் சொல்லுங்கள். வரி எந்த ஊராட்சிக்குப் போகிறது, ரசீது யார் பெயரில் இருக்கிறது, பாக்கி உண்டா என்பவையெல்லாம் ஒருசேரத் தெரிந்துவிடும்.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு? என் தோழர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபின் முன்பணம் திரும்பவில்லை. எல்லைக்கு இப்பால் உள்ள அலுவலகம் அப்பால் போகச் சொன்னது. அப்பால் உள்ளது இப்பால் போகச் சொன்னது. தேர்வுக் கட்டணத்துக்கென வைத்திருந்த பணம் அது. வீடு நிற்கும் மண்ணின் சட்டமே வழக்கை ஆளும் என்பதை அன்று உடனிருந்து கண்டேன்.

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படவும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லையேல் முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தரவேண்டியது போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். கேரளத்திலோ 1965-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. வாடகை கொடுத்தவர் ரசீது பெறும் உரிமையை அது தருகிறது. ஆனால் அரசு அறிவித்த பகுதிகளில் மட்டுமே அது செல்லும். எனவே நீங்கள் குடியேறும் ஊருக்கு எந்தச் சட்டம் செல்லும் என்று விசாரித்தறிவது நலம்.

தனிச்சட்டம் எட்டாத இடத்தில் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் நிற்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், 15 நாள் அறிவிப்பில் குடியிருப்பு முடிந்துவிடும். தேர்வு நெருங்கும் வேளையில் அவ்வறிவிப்பு வந்தால் மாணவன் எங்கே போவான்? எனவே எத்தனை மாத அறிவிப்பு, முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், வெள்ளையடிப்பும் பழுதும் யார் பொறுப்பு என்பவற்றை எழுதி வாங்குங்கள். ஒப்பந்தம் மலையாளத்தில் இருந்தால், படிக்கத் தெரிந்த நண்பரை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். முன்பணத்தைக் கையில் கொடுப்பதைவிட வங்கி வழியாகச் செலுத்துவது நல்ல சாட்சி.

இனி வீட்டைப் பார்ப்போம். நம் பக்கத்தில் மழை இருமுறை வரும்: சூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. சுவரின் மேற்பகுதியில் ஈரக்கறை படிந்திருந்தால் கூரை ஒழுகுகிறது என்று பொருள். கிணற்றில் இப்போது நீர் நிறைந்திருப்பது கண்டு மகிழ வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் எவ்வளவு நிற்கும் என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். கழிவறைத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் உண்டா என்று நோக்குங்கள். கல்லூரியிலிருந்து திரும்பக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றைக் கேட்டால் வீட்டுக்காரர் கோபிப்பாரோ என்று சில தோழர்கள் தயங்குகிறார்கள். நேர்மையான வீட்டுக்காரர் கோபிக்க மாட்டார்; ரசீதை எடுத்துக் காட்டுவார். கோபிப்பவர் வீட்டில் குடியேறாமல் இருப்பதே நமக்கு இலாபம்.