மாத்திரை அட்டையும் மரக்கன்றும்

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் டேராடூன் நகரில் உத்தராகண்ட் சட்டசபையின் பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்தபோது, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சபைமுன் வைக்கப்பட்டது. அழிந்த காட்டுக்கு ஈடாகக் காடு வளர்க்கவென்றே சேர்த்துவைத்த நிதியிலிருந்து 13 கோடியே 86 லட்சம் ரூபாய் வேறு காரியங்களுக்குத் திருப்பப்பட்டதென்றும், ஐபோன், மடிக்கணினி, குளிர்பதனப் பெட்டி, ஏர்கூலர் முதலியவை வாங்கவும், கட்டடங்களைப் புதுப்பிக்கவும், வழக்குச் செலவுக்கும் அப்பணம் போயிற்றென்றும் அதில் கண்டிருந்தது. அதே கூட்டத்தொடரில் வெளிவந்த தணிக்கை முடிவுகளில் மற்றொன்று, குறைந்தது மூன்று அரசு மருத்துவமனைகளில் காலாவதியான மருந்துகள் நோயாளிகளுக்கு வழங்கப்பட்டன என்றும், அப்படிக் கண்டுபிடிக்கப்பட்ட 34 மருந்துகளில் சில, காலம் கடந்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேலானவை என்றும் தெரிவித்தது.

ஐபோன் என்னும் சொல் பத்திரிகைத் தலைப்புகளில் நின்றதால் முதற்செய்தியே அதிகமாகப் பேசப்பட்டது. ஆனால் மருந்தையும் மரத்தையும் ஒருசேர வைத்துப் பார்த்தாலொழிய இவ்விஷயத்தின் முழு அர்த்தம் விளங்காது என்பது என் அபிப்பிராயம். ரேஷன் கடையில் அரிசி நிறை குறைந்தால் வரிசையில் நிற்பவள் அந்த நிமிஷமே கேட்டுவிடுவாள். தெருவிளக்கு எரியாவிட்டால் மறுநாளே ஊரார் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போவார்கள். காய்ச்சலோடு வந்து படுத்திருப்பவனோ தன் உள்ளங்கையில் வைக்கப்பட்ட மாத்திரையின் தேதியைப் பார்ப்பதில்லை. எட்டாத மலைச்சரிவில் நட்டதாக எழுதப்பட்ட கன்று உயிரோடிருக்கிறதா என்று ஏறிப் பார்த்துவருவாரும் இல்லை. கேட்க வேண்டியவர் கேட்க முடியாத நிலையில் இருக்கும் இவ்விரு துறைகளில், அவர் சார்பில் கணக்குக் கேட்பதற்கு ஓர் அதிகாரியை நம்முடைய அரசியல் சாசனம் ஏற்படுத்தி வைத்திருக்கிறது.

சுருக்கமாக சி.ஏ.ஜி. என்று வழங்கப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே அந்த அதிகாரி. சாசனத்தின் 148-ஆம் பிரிவின்படி ஜனாதிபதியால் நியமிக்கப்படும் அவரை, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்குரிய அதே கடினமான முறையிலன்றி எவரும் பதவியிலிருந்து விலக்க முடியாது. மத்திய சர்க்காரின் கணக்கையும் மாநில சர்க்கார்களின் கணக்கையும் அவர் ஒருவரே பார்க்கிறார். இதே சாசனம் 47-ஆம் பிரிவில் பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவதை அரசின் முதன்மையான கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 48-ஏ பிரிவு காடுகளையும் வனவிலங்குகளையும் காப்பதைக் கடமையாக்குகிறது. இரண்டும் வழிகாட்டு நெறிகள் என்ற பகுதியில் அமைந்திருப்பதால், அவற்றை மாத்திரம் ஆதாரமாகக் காட்டி நீதிமன்றத்தில் அரசைக் கட்டாயப்படுத்த இயலாது. ஆகவே, அக்கடமைகளை ஒரு சர்க்கார் எவ்வளவு மெய்யாக ஏற்றிருக்கிறது என்பது பட்ஜெட்டில் அது எழுதும் தொகையாலும், அத்தொகையின் பின்னாலேயே செல்லும் தணிக்கையாலுமே பெரும்பாலும் வெளிப்படுகிறது.

தணிக்கை என்றதும் எண்களைக் கூட்டிக் கழிக்கும் வேலை என்றே பலர் நினைக்கிறார்கள். மருத்துவமனையின் மருந்துக் கிடங்குக்குள் தணிக்கைக் குழுவினர் நுழைந்ததும் அவர்கள் முதலில் கேட்பது இருப்புப் பதிவேட்டை. மருந்தின் பெயர், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, வந்த அளவு, வழங்கிய நாள், வழங்கிய அளவு என்று கோடு போட்ட அந்தப் பக்கங்களை ஒரு கையிலும், அலமாரியிலிருந்து எடுத்த மாத்திரை அட்டையை மறு கையிலும் வைத்துக்கொண்டு, அட்டையின் பின்புறத்தில் மங்கலாக அச்சடிக்கப்பட்ட தேதியையும் பதிவேட்டில் எழுதப்பட்ட தேதியையும் அவர்கள் ஒப்பிடுகிறார்கள். வழங்கிய நாள் காலாவதித் தேதிக்குப் பிற்பட்டதாக இருந்தால், வைத்திய சாஸ்திரம் எதுவும் படிக்காதவருக்கும் குற்றம் புலப்பட்டுவிடும். முதலில் காலாவதியாகும் சரக்கை முதலில் வழங்க வேண்டும் என்ற எளிய விதியைக் கிடங்குகளில் காக்கவேண்டுமானால், எங்கே எவ்வளவு இருக்கிறது என்பது அன்றன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் பாஸ்புத்தகம் போன்றதொரு புத்தகம் கொடுத்து, அதில் வரவு வைக்கப்பட்ட தொகைக்குள் மருந்து பெற்றுக்கொள்ளச் செய்த முறையையும், மருந்துகளைப் பரிசோதனைக்கு அனுப்பிய பின்னரே விநியோகித்த முறையையும் கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் கண்டு தாங்களும் அத்தகைய கழகங்களை அமைத்தது இக்காரணத்தால்தான்.

காட்டில் வேலை இன்னும் சிரமமானது. நடவுப் பதிவேட்டில் இத்தனை ஹெக்டேர், இத்தனை குழி, இத்தனை கன்று, இவ்வளவு கூலி என்று எழுதியிருக்கும். வனத்துறை ஊழியரைக் கூட்டிக்கொண்டு சரிவில் ஏறி, குழி இருக்கிறதா, குழியில் கன்று இருக்கிறதா, கன்றில் உயிர் இருக்கிறதா என்று பார்த்து, இரு தரப்பாரும் கையொப்பமிட வேண்டும். உத்தராகண்டில் அப்படிப் பார்த்த இடத்து நடவுகளில் பிழைத்தவை ஏறத்தாழ 33 விழுக்காடே. டேராடூனிலேயே இருக்கும் வன ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவோ 60 முதல் 65 விழுக்காடு வரை. கண்ட குறையைத் தணிக்கைக் குழு ஒரு தணிக்கைத் தடையாக எழுதித் துறைக்கு அனுப்பும். துறையின் பதில் திருப்தி தராவிட்டால் அது அறிக்கையில் ஒரு பத்தியாக ஏறும். அறிக்கையில் இடம்பெறும் ஒவ்வொரு பத்திக்குப் பின்னாலும் துறைக்குப் பதில் சொல்ல அளிக்கப்பட்ட அவகாசம் ஒன்று இருக்கிறது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தக் காடு வளர்ப்பு நிதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது தொடங்குவது நம்முடைய நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில். நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, அப்பகுதியின் காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு மனம் பொறாமல் 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 1996 டிசம்பர் 12-ஆம் தேதி உத்தரவுக்குப் பின் தேசம் முழுவதின் காடுகளையும் தழுவியதாகி, பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது. அணைக்கோ சுரங்கத்துக்கோ சாலைக்கோ காட்டு நிலத்தை எடுப்பவர், வேறிடத்தில் காடு வளர்க்கும் செலவையும், அழியும் காட்டின் மதிப்பையும் செலுத்த வேண்டும். அப்படிச் செலுத்தப்பட்ட பணம் கன்றாக மாறாமலே கிடந்ததைக் கண்ட நீதிமன்றம், 2002-இல் அதற்கெனத் தனி நிதி அமைக்க உத்தரவிட்டது. காம்பா என்று வழங்கும் அமைப்பு இவ்வாறு உருவாயிற்று.

பணத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று; காடு வளர்ந்ததா? 2013-இல் வெளிவந்த சி.ஏ.ஜி. அறிக்கை இதற்கு விடை கூறிற்று. 2006 முதல் 2012 வரையில் காட்டுக்கு ஈடாகப் பெற்றிருக்க வேண்டிய காடல்லாத நிலம் சுமார் 1,03,000 ஹெக்டேர். பெற்றது சுமார் 28,000 ஹெக்டேர். அதில் மரம் வளர்க்கப்பட்டது 7,300 ஹெக்டேருக்கும் குறைவு. நிதியோ 23,000 கோடி ரூபாயைத் தாண்டி வங்கியில் பெருகிக்கொண்டிருந்தது. பின்னர் 2016-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, நிதியில் 90 விழுக்காடு மாநிலங்களுக்கு என்று வகுக்கப்பட்டு, 2019 ஆகஸ்டில் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்கு மாற்றப்பட்டது. உத்தராகண்ட் அறிக்கை பேசுவது அதற்குப் பிந்திய ஆண்டுகளைப் பற்றியே. முடங்கிக் கிடந்த பணத்தை விடுவித்தபோது, அது போய்ச் சேரும் இடத்தைக் கண்காணிக்கும் ஏற்பாட்டை அதே அளவுக்குப் பலப்படுத்தாததே இங்கு நேர்ந்த பிழை என்று நான் கருதுகிறேன்.

அந்த மாநிலத்தின் பெயரைக் கேட்கும்போது என் மனம் ரேணி கிராமத்துக்குப் போகிறது. 1974 மார்ச் 26-ஆம் தேதி, நிலத்துக்கான நஷ்டஈடு பெறுவதற்காக ஆண்கள் சமோலிக்குப் போயிருந்த வேளையில் மரம் வெட்ட வந்தவர்களை, கௌரா தேவி என்ற கிராமத்துப் பெண்மணியின் தலைமையில் பெண்கள் மறித்து நின்று, இரவெல்லாம் காவல் காத்துத் திருப்பி அனுப்பினார்கள். விறகும் புல்லும் ஊற்றுநீரும் அக்காட்டிலிருந்து வருபவை. காடு போனால் வீடு போயிற்று என்பது அவர்களுக்கு அனுபவத்தால் தெரிந்திருந்தது. அத்தகைய மலைக்கிராமங்களில் இன்றும் பிரசவ வேதனையில் துடிப்பவளை டோலியில் தூக்கிக்கொண்டு சாலை வரைக்கும் நடக்கிறார்கள். அப்படிச் சுமந்து சென்று சேர்க்கும் மலைப்பகுதி மருத்துவமனைகளில் நிபுணர்களுக்கான இடங்களில் 70 விழுக்காடு காலியாக இருந்ததாகவும் தணிக்கை சொல்லியிருக்கிறது. காட்டுக்கான பணமும் வைத்தியத்துக்கான பணமும் கோட்டையில் வெவ்வேறு தலைப்புகளில் எழுதப்படலாம். தலையில் விறகுக்கட்டோடு இறங்கி வரும் அந்தப் பெண்ணிடத்தில் இரண்டும் ஒன்றாகவே வந்து சேரவேண்டும், வராமற்போனால் நஷ்டமும் ஒருத்திக்கே.

இது ஒரு மாநிலத்தின் கதை மாத்திரமன்று. ஏழைக் குடும்பங்களுக்கான ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி 2023 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகளின் பெயரோடு, பத்து ஒன்பதுகளால் ஆன ஒரே கைப்பேசி எண் இணைக்கப்பட்டிருந்ததையும், முன்னமே இறந்துவிட்டதாகப் பதிவான நோயாளிகளின் பெயரில் மீண்டும் சிகிச்சைக்குப் பணம் கோரப்பட்டதையும் எடுத்துக்காட்டிற்று. கைப்பேசி எண் தொடர்புகொள்வதற்கு மட்டுமே என்றும், பயனாளியைச் சரிபார்ப்பதில் அதற்குப் பங்கில்லை என்றும் மத்திய சர்க்கார் பதிலளித்தது. அப்பதிலை ஒப்புக்கொண்டாலும், நோயாளியை அழைத்து, “உங்களுக்கு இந்தச் சிகிச்சை நடந்ததா?” என்று கேட்பதற்கு வழியில்லாமற்போனது எஞ்சி நிற்கிறது, ஒரு தொலைபேசி அழைப்பால் தீரக்கூடிய சந்தேகம் ஆயிரம் பக்க ஆவணத்தால் தீராது.

இத்தகைய அறிக்கைகள் வரும்போதெல்லாம், பொதுச் சுகாதாரத்துக்கு மேலும் பணம் கொடுப்பது வீண் என்று வாதிப்பவர்கள் சிலர் உண்டு. அவர்கள் கூற்றை நான் முற்றிலும் மறுக்கிறேன். 2017-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் சர்க்காரின் சுகாதாரச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை எட்டவேண்டும் என்று குறித்தது. 2021-22-ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி அது 1.84 விழுக்காடு. அவ்வாண்டில் நாட்டின் சுகாதாரச் செலவில் நூற்றுக்கு 39 ரூபாய்க்கு மேல் ஜனங்கள் தங்கள் மடியிலிருந்தே கொடுத்தார்கள். 2013-14-இல் அது 64 ரூபாயாக இருந்து குறைந்ததற்கு, அரசுச் செலவு உயர்ந்தது ஒரு முக்கிய காரணம். ஓட்டைக் குடத்தை அடைக்கத்தான் வேண்டும். தாகத்தால் வாடுபவனிடம் இனித் தண்ணீரே மொள்ளமாட்டேன் என்று சொல்வது நியாயமாகாது.

எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுவது காலதாமதம். 2019 முதல் 2022 வரை செலவான பணத்தைப் பற்றிய உண்மை 2025-இல் சபைக்கு வந்தது. அதற்குள் மாத்திரை வயிற்றுக்குள் போய்விட்டது. கன்று காய்ந்து மண்ணோடு மண்ணாயிற்று. செலவு செய்த அதிகாரிக்கு மாற்றல் உத்தரவோ ஓய்வு உத்தரவோ வந்திருக்கும். சாசனத்தின் 151-ஆம் பிரிவு, சி.ஏ.ஜி.யின் அறிக்கைகளை ஜனாதிபதியும் கவர்னரும் சபைமுன் வைக்கச் செய்யவேண்டும் என்று சொல்கிறதே தவிர, இத்தனை நாட்களுக்குள் என்று சொல்லவில்லை. ஓர் அறிக்கை தயாராகியும் சபை வாசலில் மாதக்கணக்கில் காத்திருக்க இது இடம் கொடுக்கிறது. அறிக்கை பெறப்பட்ட பின் கூடும் முதல் கூட்டத்தொடரிலேயே அதை வைத்தாக வேண்டும் என்று விதி செய்யாதவரையில், தணிக்கை பிரேதப் பரிசோதனையாகவே நின்றுவிடும்.

சபையில் வைத்த பிறகு அதை வாசித்து விசாரிக்க வேண்டியது பொதுக் கணக்குக் குழு. பாராளுமன்றத்தில் 22 உறுப்பினர் கொண்ட அக்குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவராக இருந்துவருவது நல்ல சம்பிரதாயம். சட்டசபைகளுக்கும் இத்தகைய குழுக்கள் உண்டு. துறைச் செயலாளரை அழைத்து, “இந்தப் பத்திக்கு என்ன பதில்? பொறுப்பானவர் யார்? பணம் திரும்ப வந்ததா?” என்று கேட்கும் அதிகாரம் அவற்றுக்கு இருக்கிறது. உத்தராகண்டில் செய்தி வெளியானதும் வனத்துறை அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றமும் மாநிலத்திடம் விளக்கம் கேட்டது. பத்திரிகையில் பெரிதாக வராத பத்திகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. அவற்றைக் குழு எடுத்துக்கொண்டால்தான் உண்டு.

சபையில் வைக்கப்பட்ட அறிக்கைகள் சி.ஏ.ஜி. அலுவலகத்தின் இணையதளத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. வாசகர்கள் தங்கள் மாநிலத்து அறிக்கையை எடுத்து, தங்களுக்குத் தெரிந்த மருத்துவமனையைப் பற்றியோ மலையைப் பற்றியோ ஒரு பத்தி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இருந்தால், அப்பத்தியின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று சம்பந்தப்பட்ட துறைக்கு, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு கடிதம் எழுதுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் மனுவுக்கான கட்டணம் 10 ரூபாய்.