குடும்பப் பதிவேடு கணினிக்குச் செல்கிறது

நமது சங்கத்தின் குடும்பப் பதிவேடு இதுநாள்வரை ஒரு தடித்த நோட்டுப் புத்தகமாகவே இருந்து வருவதை உறுப்பினர்கள் அறிவர். அதனைக் கணினிக்கு மாற்றச் செயற்குழு தீர்மானித்து, கல்லூரியில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் ஜாவா மொழியில் ஒரு புரோகிராம் எழுதி வருகின்றனர். விவரங்கள் யாவும் ‘கிளவுடில்’ இருக்கும் என்று கேள்விப்பட்டதும், “எங்கள் முகவரியும் போன் நம்பரும் ஆகாயத்தில் தொங்குமா?” என்று பெரியவர்கள் சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. ரயில்வே சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், இப்பிள்ளைகளோடு அமர்ந்து அறிந்துகொண்டவற்றை இங்கே விளக்க முயல்கிறேன்.

மஸ்டர் ரோலும் சர்வீஸ் ரிஜிஸ்டரும்

அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மஸ்டர் ரோல் தெரியும். ஒரே தாளில் எல்லோர் பெயரும். எல்லோருக்கும் ஒரே கட்டங்கள். வழக்கமான டேட்டாபேஸ் இந்த வகையைச் சேர்ந்தது. சர்வீஸ் ரிஜிஸ்டர் அப்படியல்ல. ஆளுக்கொரு புத்தகம், ஒருவருக்குப் பத்துப் பக்கம், இன்னொருவருக்கு நாற்பது பக்கம். ‘டாக்குமெண்ட் டேட்டாபேஸ்’ எனப்படும் ஆவணக் கிடங்கு இந்த இரண்டாம் வகை.

நம் குடும்பங்களுக்கு இதுவே பொருந்துகிறது. ஒரு வீட்டில் இரண்டு பேர். இன்னொரு வீட்டில் மூன்று தலைமுறை. ஒருவருக்குச் சொந்த ஊரில் தகவல் சொல்ல அண்ணன் உண்டு. மற்றொருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான். எல்லோருக்கும் ஒரே கட்டம் போட்டால் பாதி காலியாகக் கிடக்கும், மீதி போதாமல் போகும். ஆவணக் கிடங்கில் குடும்பத்துக்கு ஓர் ஆவணம். ஓர் ஆவணம் 16 மெகாபைட் வரை இருக்கலாம். நமக்கு அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

பிள்ளைகள் தேர்ந்தெடுத்திருப்பது மோங்கோடிபி. மாம்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரம்மாண்டம் என்று பொருள்படும் ‘ஹியூமாங்கஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நடுப்பகுதியே பெயராயிற்று. 2009-இல் வெளிவந்தது. இதனை வாடகை முறையில் இணையம் வழியாகத் தரும் அட்லஸ் என்ற சேவை 2016-இல் தொடங்கிற்று.

மேகம் தரையில்தான் இருக்கிறது

கிளவுட் என்பது எங்கோ ஒரு கட்டடத்தில் இரவு பகலாக ஓடும் கணினிகளே. எந்த ஊர்க் கட்டடம் என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம்; மும்பையும் பட்டியலில் உண்டு. அங்கே நம் பதிவேடு ஒரு பிரதியாக அல்ல, மூன்று கணினிகளில் மூன்று பிரதிகளாக வைக்கப்படுகிறது. ஒன்று முதன்மை, எழுதுவதெல்லாம் அதில்தான். அது பழுதானால் மற்ற இரண்டும் தங்களுக்குள் வாக்களித்து, ஒன்று முதன்மைப் பொறுப்பை ஏற்கும். நாம் எழுதும் விவரம் மூன்றில் இரண்டில் பதிவான பிறகே ‘பதிவாயிற்று’ என்று பதில் வருவதுதான் இப்போதைய வழக்கமான ஏற்பாடு.

இணைப்பு எவ்வாறு நடைபெறுகிறது?

ஜாவா 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட மொழி. அதற்கும் மோங்கோடிபிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக இருப்பது ‘டிரைவர்’ என்னும் சிறு மென்பொருள். அதற்கு ஒரே வரியில் ஒரு முகவரி தரவேண்டும். பயனர் பெயர், பாஸ்வேர்டு, கிடங்கின் பெயர் மூன்றும் அந்த வரியில் அடங்கும். பாஸ்வேர்டில் @ போன்ற குறி இருந்தால் அப்படியே எழுதக்கூடாது. %40 என்று எழுத வேண்டும். இல்லையேல் பாஸ்வேர்டு எங்கே முடிகிறது என்று டிரைவருக்குப் புரியாது.

கிடங்கின் பெயரைக் கொண்டு, மூன்று கணினிகளின் உண்மையான முகவரிகளை டிரைவர் இணையத்தில் தானே விசாரித்துக்கொள்ளும். பிறகு சில இணைப்புகளைத் திறந்து தயாராக வைத்திருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் புதிய இணைப்பு தொடங்குவது, ஒவ்வொரு பயணிக்கும் ஒரு ரயில் விடுவது போன்றது. ஆகவே, புரோகிராம் தொடங்கும்போது ஒரே ஒருமுறை இணைப்பை ஏற்படுத்தி, முடியும்வரை அதையே பயன்படுத்துவது முறை.

இன்னொன்று. இணைக்கும் கட்டளை உடனே முடிந்துவிடும். அதனால் இணைப்பு கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. ‘பிங்’ என்ற சிறு செய்தியை அனுப்பிப் பதில் வந்தால்தான் உறுதி. பிளாக் கருவியில் நாம் மணி அடித்து, அடுத்த ஸ்டேஷனின் பதில் மணிக்குக் காத்திருப்போமே, அதுபோல.

மூன்று பூட்டுகள்

ஒற்றைப் பாதையில் இரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஒத்துழைத்தால்தான் டோக்கன் வெளியே வரும். இங்கும் பல நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேற வேண்டும். முதலாவது, வழியில் யாரும் படிக்க முடியாதபடி செய்தி சங்கேதமாக்கப்படுகிறது. அட்லஸில் இது கட்டாயம். இரண்டாவது, எந்த இணைய முகவரிகளிலிருந்து வரலாம் என்ற அனுமதிப் பட்டியல். மூன்றாவது, பயனர் பெயரும் பாஸ்வேர்டும்.

வீட்டு இணைய இணைப்பின் முகவரி அடிக்கடி மாறுவதால், அனுமதிப் பட்டியலில் எல்லாம் பூஜ்யமாக, அதாவது 0.0.0.0/0 என்று எழுதிவிடும் ஆசை இளைஞர்களுக்கு வருவதுண்டு. அதன் பொருள் ‘உலகில் எவரும் வரலாம்’ என்பது. அப்போது நம்மைக் காப்பது பாஸ்வேர்டு ஒன்றுதான். அதையும் புரோகிராமுக்குள்ளேயே எழுதி, பலர் பார்க்கும் பொதுத்தளத்தில் ஏற்றிவிட்டால் எஞ்சுவது ஏதுமில்லை. 2017 ஜனவரியில், பாஸ்வேர்டு இன்றி இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி கிடங்குகளை விஷமிகள் அழித்துவிட்டுப் பணம் கேட்டனர். அவை பலரும் தத்தம் கணினிகளில் பூட்டாமல் விட்டவை.

எனவே பாஸ்வேர்டு புரோகிராமில் இராது; அதை இயக்கும் கணினியின் தனி அமைப்பில் இருக்கும். பார்க்க மட்டும் ஒரு பயனர், திருத்த ஒரு பயனர் என இருவர் இருப்பர். செயலாளர் மாறும்போது பாஸ்வேர்டும் மாறும்.

பழுது பார்க்கும் பிள்ளைகளுக்கு

தவறான பாஸ்வேர்டு என்றால் மறுப்பு விரைவில் வந்துவிடும். சுமார் 30 வினாடி மௌனமாக இருந்து கைவிட்டால், முதலில் அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். அடுத்து இணைய இணைப்பைப் பாருங்கள். புரோகிராமைத் திருத்தத் தொடங்குவது கடைசியாக இருக்கட்டும்.

இலவசத் திட்டத்தில் 512 மெகாபைட் இடம் உண்டு, நமக்குப் போதும். ஆனால் அதில் காப்புப் பிரதி கிடையாது. மூன்று பிரதிகள் இருக்கின்றனவே என்று எண்ணலாகாது. நாம் தவறுதலாக அழித்தால் மூன்றிலும் அழியும். மாதம் ஒருமுறை தனிப் பிரதி எடுத்துச் சங்க அலமாரியில் பூட்டி வைப்பது அவசியம்.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியது

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு நள்ளிரவில் ரத்தம் தேவைப்பட்டாலும், ஊருக்குத் துயரச் செய்தி சொல்ல வேண்டியிருந்தாலும், கைகொடுப்பது இந்தப் பதிவேடுதான். அது வேண்டிய நேரத்தில் திறக்க வேண்டும். வேண்டாதவருக்குத் திறக்கக் கூடாது. தனிநபர் விவரங்களைக் காக்க 2023-இல் நம் நாட்டில் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. ஆகவே, படிவத்தில் பெயர், முகவரி, போன் நம்பர், ரத்த வகை, ஊரில் தகவல் சொல்ல வேண்டியவர் ஆகியவற்றை மட்டும் எழுதி, சம்மதக் கையொப்பமிட்டுத் தாருங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எதையும் எழுத வேண்டாம். யாரும் கேட்டால் கொடுக்கவும் வேண்டாம். பழைய நோட்டுப் புத்தகத்தில் உள்ள விவரம் மாறியிருந்தால் அதையும் படிவத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.